செனட்டருக்குப் புல் மட்டும்

13 ஜனவரி 2019, ஞாயிறு

ஐம்பத்தாறு வயதில், எங்கள் லொரேன் ஊர்த் தேவாலய வாசலில், பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பெண்கள் முன்னாலும் இன்று என் கால்சட்டை கழன்று விழுந்தது. கயிற்றின் ஒரு முனையில் என் காளை செனட்டர், மறுமுனையில் நான். எதைப் பிடிப்பது? காளையைத்தான் பிடித்தேன். மானம் போனால் வீட்டுக்குத் தானாக வந்துவிடும், செனட்டர் வரமாட்டான்.

யூலாலி மட்டும் குடையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஓனேசிம், மாட்ட இழுத்துட்டுப் போறியா, மாடு உன்ன இழுத்துட்டுப் போகுதா?"

அவளுடைய மேட்டு நிலத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். செனட்டரின் இரத்தத்தில் குளோர்டெக்கோன் வரம்பைத் தாண்டிவிட்டதாம். வாழைக் கூன்வண்டுக்கு அந்தக் காலத்தில் போட்ட நஞ்சுப் பொடி. தடை செய்து கால் நூற்றாண்டு ஆகிறது, மண்ணுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அளவு வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் வெட்ட அனுமதி. கெட்லிக்கு ஜூனில் பிரசவம், ஆகஸ்டில் ஞானஸ்நானம், விருந்துக்கு செனட்டர். என் மகளின் முதல் குழந்தைக்குக் கடை இறைச்சியா?

கால்நடை மருத்துவர் பெல்ரோஸ் விரலை நீட்டிச் சொன்னார்: "மேட்டுப் புல் மட்டும். வேற எதுவும் வாயில படக்கூடாது. சில மாசத்துல தானா இறங்கிடும்."

சாலைக்கு அந்தப் பக்கம், பழைய வாழை எஸ்டேட் ஓரமாக அவனைக் கட்டியது என் பிழை. அங்கேதான் ஒட்டியிருக்கும். என் பக்கம் சுத்தம்.

19 ஜனவரி, சனி

வழக்கம்போல் கெட்லிக்குக் கூடை. சேப்பங்கிழங்கு, பெருவள்ளி, சர்க்கரைவள்ளி, பத்து முட்டை.

"அப்பா, கிளினிக்ல கேட்டாங்க, தோட்டத்து மண்ண சோதிச்சிருக்கான்னு."

"நம்ம மண்ணையா? அதத் தின்னுதானே இந்த வாய் வளர்ந்துச்சு?"

"தோல தடிமனா சீவச் சொல்றாங்க. முட்டைய நிறுத்தச் சொல்றாங்க."

"கிளினிக்காரங்க சொல்றதப் பாத்தா காத்தையும் தோல் சீவித்தான் குடிக்கணும்."

சிரித்தாள். நான் யாரையும் சிரிக்க வைத்துவிடுவேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

5 பிப்ரவரி, செவ்வாய்

செனட்டர் இளைத்துவிட்டான். விலா எண்ணலாம். மேட்டுப் புல் சுத்தமான புல்தான், மருத்துவமனைக் கஞ்சி மாதிரி. என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டான் பாருங்கள் — யாரைப் பார்க்கச் சொல்கிறேன்? இது என் நோட்டு.

சரி, எழுதிவிடுகிறேன். ஒரு சாக்கு சர்க்கரைவள்ளிக் கொடி கொண்டுபோய்ப் போட்டேன். என் தோட்டத்துக் கொடி, அடியில் தொங்கும் பொடிக் கிழங்குகளோடு. மண்ணை உதறக்கூட விடவில்லை, அப்படி ஒரு பசி.

விருந்தில் எலும்பையா பரிமாறுவது?

22 பிப்ரவரி, வெள்ளி

செவ்வாய், வெள்ளி, இரண்டு நாளும் சாக்கு. யூலாலி சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து வேலி தாண்டுகிறேன். இளவயதில் பெண்களுக்காகத் தாண்டினேன், இந்த வயதில் மாட்டுக்காக.

5 மார்ச், செவ்வாய்

கார்னிவல். இந்த வருடம் என் வேடம்: நஞ்சு மூட்டை. வெள்ளைச் சாக்குக்குள் புகுந்து, நெஞ்சில் மண்டையோடு வரைந்து, போகிற வருகிறவர்கள் மேல் மாவு தூவினேன். தெருவே சிரித்து உருண்டது. சின்னப் பிள்ளைகள் அலறி ஓடின. கெட்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் முடியெல்லாம் மாவு.

12 ஏப்ரல், வெள்ளி

இரத்த முடிவு வந்தது. இறங்கவில்லை.

ஏறியிருக்கிறது.

15 ஏப்ரல், திங்கள்

பெல்ரோஸ் மேட்டுக்கு வந்தார். நிலத்தை இப்படி நடந்தார், அப்படி நடந்தார். "என்ன தின்னான்?"

"புல்லு."

"புல் மட்டும்?"

"வேற என்ன, டாக்டர்? ஒயினா குடிக்கிறான்?"

அவர் சிரிக்கவில்லை. மேட்டு நிலத்தின் மேல் சந்தேகம் என்று எழுதிக்கொண்டார். தெளிவாகும்வரை யூலாலியின் ஆறு மாடுகளையும் விற்கக்கூடாது.

யூலாலி சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருக்கும். போடவில்லை. "இந்த நிலத்துல ஒரு வாழக்கன்னுகூட நின்னதில்ல, ஓனேசிம். எங்கேருந்து வந்துச்சு?"

"மழையில அடிச்சுட்டு வந்திருக்கும்."

"மழை மேல பழி போடாத. அது உன் நாக்க விட சுத்தம்."

இரவு நான் எதுவும் சாப்பிடவில்லை.

16 ஏப்ரல், செவ்வாய்

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன், பழக்கம். வாசல் வழியாகப் போனேன், அது பழக்கமில்லை. யூலாலி முன்னால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கொடி, கிழங்கு, மண். காலால் ஒரு கிழங்கைப் புரட்டினாள்.

"எத்தன நாளா?"

"பிப்ரவரிலேருந்து."

"என்கிட்ட மன்னிப்பு கேக்காத. டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு. இப்பவே. உன் கால்சட்ட விழுந்தப்ப ஊரே பாத்துச்சு, செத்தா போயிட்ட? இதுக்கும் சாகமாட்ட."

போனேன். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்து ஒரு வேடிக்கைப் பேச்சைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் பேனாவை மூடினார்.

"அப்ப மேட்டுல தப்பில்ல. உங்க தோட்டத்துலதான் இருக்கு."

அதை நான் யோசிக்கவேயில்லை. சத்தியமாக. காளையைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம்?

"அந்தக் கிழங்க வேற யார் சாப்பிடறாங்க, ஐயா?"

20 ஏப்ரல், சனி

கூடை கொண்டுபோனேன். கடை கேரட், கடை உருளைக்கிழங்கு, கப்பலில் வந்த முட்டை.

"என்னப்பா இது? தோட்டத்துக்கு லீவா?"

"ஈஸ்டருக்கு எல்லாம் வித்துப் போச்சு."

"நீயா வித்த? நீ ஊருக்கே சும்மா குடுக்கறவனாச்சே."

வாய் வரை வந்தது. அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. குழந்தை உதைக்கிறதாம், என் கையை எடுத்து வைத்தாள். உதைத்தது. நான் வேறு ஏதோ ஜோக் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏழு மாதம். முப்பது கூடை இருக்குமா? கூடுதலாகவே இருக்கும்.

24 ஏப்ரல், புதன்

சொல்லவில்லை.

27 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். காளையில் ஆரம்பித்தேன், அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தேன், அவளாகத்தான் விஷயத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"அதே கிழங்கா?"

"அதே பாத்திதான்மா."

பிறகு, "முட்டை?" என்றாள். என் கோழிகள் நாளெல்லாம் எதைக் கிளறுகின்றன என்று இருவருக்கும் தெரியும்.

அழவில்லை. பாவிப்பய மகளே, அழுதிருந்தாலாவது தேற்றியிருப்பேன்.

4 மே, சனி

கெட்லி இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவுக்கு மூன்று வாரம். வந்தாலும் என்ன செய்வார்களாம்? செனட்டரைச் சுத்தமான மேட்டில் கட்டிக் காத்திருக்கலாம். குழந்தைக்கு ஜூன்தான் கெடு.

யூலாலியின் மாடுகளை விடுவித்துவிட்டார்கள். அவள் எனக்குத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

கிளினிக்கில் நர்ஸ் என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறாள். கெட்லி சண்டைக்குப் போயிருக்கிறாள். என்னிடம் சொன்னாள்: "எங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரு முட்ட குடுத்திருப்பாரான்னு கேட்டேன். எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றேன்ப்பா."

என் பெண்.

14 மே, செவ்வாய்

மண் எடுக்க விவசாய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். துளைக்கும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த கருவியில் என் பெயரைத் தேடினாள்.

"உங்க தோட்டத்த 2008லயே சோதிச்சாச்சே, ஐயா. முடிவு தபால்ல அனுப்பியிருக்கோம்."

"எனக்கு ஒண்ணும் வரல."

"அனுப்பினதா பதிவாகியிருக்கு."

அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அவளுக்குக் காட்டத்தான் மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பழைய மின்சார ரசீதுகளுக்கு நடுவில் இருந்தது. ஒரே தாள். என் பெயர், என் நிலத்தின் எண், கீழே தடித்த எழுத்தில்: கிழங்குப் பயிர் வேண்டாம், கோழி வேண்டாம்.

பின்பக்கம் டோமினோ ஆட்டப் புள்ளிக்கணக்கு, என் கையெழுத்தில். ஐந்து ஆட்டத்தில் நாலு நான் ஜெயித்திருக்கிறேன்.