எஸ்தரக்கா விற்ற வண்டி

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. வண்டி வந்துவிட்டது. கறுப்பு எலக்ட்ரிக் ஸ்கூட்டர். இடப்பக்கம் ஒரு கீறல், மற்றபடி சுத்தம். வீட்டுக்காரர் கடைசி வரை புதுசே எடுக்கலாம் என்றார். நான்தான் கேட்கவில்லை. எஸ்தரக்கா ஓட்டிய வண்டி. கம்பெனியில் ஒரே லைன், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஷோரூம்காரனை நம்புவதற்குப் பதில் அக்காவை நம்பலாம்.

"பேட்டரி நல்லாக்குது, நீ பேஜாராவாத. பேரு மாத்துறத பொறுமையா பாத்துக்கலாம்" என்றார் அக்கா.

வாங்க: எக்ஸ்டென்ஷன் வயர், மழைக்கு உறை, டயருக்கு எலுமிச்சம்பழம்.

ஜூன் 11, புதன்
காய்ச்சல் என்று சூப்பர்வைசருக்கு மெசேஜ். உண்மையில் தேர்வாய் கண்டிகையில் வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ. அங்கே சேர்ந்தவுடன் பர்மனென்ட். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கும்தான். கிடைத்ததும் ஸ்வீட்டோடு சொல்லலாம்.

வழியெல்லாம் லாரிப் புழுதி. ஆனால் வண்டி சத்தமே இல்லாமல் போகிறது. பாடிக்கொண்டே போனேன். 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள்.

ஜூன் 13, வெள்ளி
லைனில் எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர்: "காய்ச்சலோட தேர்வாய் வரைக்கும் போய்க்கினு வந்தியாமே? டாக்டர் அங்கதான் இருக்காரா?" எல்லாரும் சிரித்தார்கள். அக்கா குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் லைனில் பர்மனென்ட் ஆக்க ஒரே இடம். என் பேர், அக்கா பேர், இரண்டும் போயிருந்தன. என் பேரை எடுத்தாச்சாம்.

சாயந்திரம் வீட்டில் சண்டை. "யாராண்ட ஒளறின?" என்று கேட்டேன். "நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்?" டீயைக்கூடக் குடிக்காமல் வெளியே போய்விட்டார்.

ஜூன் 14, சனி
மதியச் சாப்பாடு. என் வண்டி கம்பெனி ஷெட்டில் சார்ஜில். அக்காவின் போன் டப்பா பக்கத்தில் கிடந்தது. டிங். 'உங்கள் வண்டிக்கு சார்ஜ் ஏறிவிட்டது.'

அக்கா இப்போது வருவது கம்பெனி பஸ்ஸில். எந்த வண்டி?

போனை எடுத்துத் தள்ளிப் பார்த்தேன். மேப். புதன்கிழமை நான் போன வழி முழுக்க நீலக் கோடு, தேர்வாய் கேட் வரைக்கும்.

"இன்னாக்கா இது?"

"பேரு மாத்துற வரைக்கும் வண்டியோட ஆப்பு என் போன்லதான்டி இருக்கும்."

"சார் கேட்டாரா, நீயா போய்ச் சொன்னியா?"

டப்பாவை மூடினார். கையைக் கழுவிவிட்டு வந்துதான் பேசினார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்கடி, செல்வி. உனக்கு எப்பிடியும் தேர்வாய்ல கெடச்சிடும்னு நெனச்சேன்."

அங்கிருந்து இன்னும் போன் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு
மேகமூட்டம். நெத்திலிக் குழம்பு வைத்தேன், வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. புரிந்துகொண்டார். "வண்டியத் திருப்பிக் குட்த்துடலாமா?" என்றார்.

வண்டி ஒன்றும் செய்யவில்லையே.

அவரைச் சந்தேகப்பட்டேன். அக்காவைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 18, புதன்
பேர் மாற்ற எஸ்தரின் கையெழுத்து வேண்டும். பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ். பழக்கத்தில் என் தோளில் கை வைத்தாள். எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏதாச்சும் பேசேன்டி."

"வண்டி ஓட்டிக்கினு கீறேன்ல."

கையெழுத்துப் போட்டாள். என் எதிரிலேயே போனிலிருந்து வண்டியை எடுத்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். எப்போதும் போல, "ஊட்டுக்குப் போனதும் ஒரு போன் பண்ணுடி" என்றாள்.

பண்ணவில்லை.