ஜாக்கும் ஆறும்

இன்று காலை குசினிச் சுவரிலிருந்த பழைய தமிழ்க்கடைக் கலண்டரைக் கழற்றினேன். பின்னால் உங்கள் அட்டவணை அப்படியே ஒட்டியிருந்தது. பச்சைப் பேனாவில் கட்டங்கள், உங்கள் சாய்ந்த எழுத்தில் ‘எடு’, ‘நில்’. வீட்டுக்கு வருகிறவர்கள் காணக்கூடாது என்று அதைக் கலண்டருக்குப் பின்னால் ஒளித்தது நான்தான். நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது.

சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு நீங்கள் கசினோவுக்குச் சீட்டாடப் போய்வந்தது எனக்குத் தெரியவந்தபோது, அஜக்ஸ் நகரில் இந்த வீடு வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நான் கத்தவில்லை. கத்தினால் இன்னும் கெட்டித்தனமாகப் பொய் சொல்வீர்கள் என்று தெரியும். “எனக்கும் அந்த விளையாட்டைப் பழக்குங்கோ” என்றேன்.

“உது சூதில்லையப்பா, கணக்கு. அட்டவணைப்படி விளையாடினா ஒருத்தரும் அழியமாட்டினம்.”

“மெல்ல அழிவினம் எண்டு சொல்லுங்கோ.”

சிரித்தீர்கள். இந்த மேசையில்தான் பழகினோம். கையில் வரும் தாள்களைக் கூட்டினால் இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகவேண்டும். படத் தாள் எல்லாம் பத்து; ஏஸ் ஒன்று அல்லது பதினொன்று. தாள் போடுகிற டீலர், தன் தாள்களில் ஒன்றை நிமிர்த்தி வைப்பார், அதைப் பார்த்துத்தான் எங்கள் முடிவு. அது இரண்டிலிருந்து ஆறு வரை என்றால் பதின்மூன்றிலேயே நிற்கலாம், அவர் தாண்டிப் போகட்டும். ஏழு அல்லது அதற்கு மேல் என்றால், பதினேழு வரும்வரை நாங்கள் எடுத்தே ஆகவேண்டும், பயந்தாலும்.

நீங்கள் பிழைவிட்டது ஒரே இடத்தில். ஜாக் வந்தால் நின்றுவிடுவீர்கள். முந்நூற்றிநாலு சீட்டு விளையாடி வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கைக்கு ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிய தாள். இங்கே அது வெறும் பத்து என்று மூளைக்குத் தெரிந்தாலும் விரலுக்குத் தெரியவில்லை. “ஜாக்கை வைச்சுக்கொண்டு ஆரும் தாள் கேப்பினமே, பாட்னர்?” என்பீர்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து முந்நூற்றிநாலில் உங்களுக்கு எதிரே சோடியாக இருந்தவள் நான். வேறு பெயர் சொல்லி நீங்கள் என்னை அதிகம் கூப்பிட்டதில்லை.

அந்த விரலை நம்பித்தான் பந்தயம் வைத்தேன். “நானும் வாறன். ரெண்டு பேரிலை ஆர் அட்டவணையை மீறினாலும் அந்த இடத்திலையே எழும்பவேணும். பிறகு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது.”

“ஓம்” என்றீர்கள், யோசிக்காமலே. ஒரு மணித்தியாலம் தாங்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். உங்களுக்கு ஜாக்கும் ஐந்தும் வந்தன, டீலரிடம் ஒன்பது. நீங்கள் மேசையில் விரலால் தட்டித் தாள் கேட்டீர்கள். அடுத்த ஆட்டத்திலும் உங்களுக்கு ஜாக். அப்போதும் தட்டினீர்கள், நெற்றி வியர்க்க. எனக்குப் பயம் பிடித்தது. இந்த மனிதர் மீறப்போவதில்லை, இனி ஒவ்வொரு சனியும் இங்கேதான்.

பிறகு எனக்கு ஜாக்கும் ஆறும் விழுந்தன. டீலரிடம் ஏழு. எடுத்தே ஆகவேண்டும். நான் கையைக் குறுக்கே அசைத்தேன்: போதும். டீலர் பெண் தன் மற்றத் தாளைத் திருப்பினாள், ஐந்து. அடுத்தது பத்து. அவள் தாண்டிவிட்டாள், மேசை முழுக்க வென்றது.

நீங்கள் கதிரையைத் தள்ளினீர்கள். “எழும்பும், பாட்னர்.”

அதற்குப் பிறகு நீங்கள் அங்கே போகவே இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அந்தக் கதையை எடுத்தீர்கள். “அண்டைக்கு நீர் வேணுமெண்டுதான் பிழை விட்டனீர். என்னை வெளியிலை இழுக்க. எனக்குத் தெரியும்.” நான் உங்கள் கையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இல்லையப்பா. அந்த நிமிடம் நீங்கள் பக்கத்தில் இருந்ததே எனக்கு நினைவில்லை. கையில் இருந்த ஜாக்கை இழக்க மனமில்லை, வெல்லவேண்டும், அவ்வளவுதான். நீங்கள் எழும்பியபோது ‘இன்னும் ஒரு கை’ என்ற சொல் என் தொண்டைவரை வந்து நின்றது. நீங்கள் எழும்பியிராவிட்டால் நான் எழும்பியிருக்கமாட்டேன். இதைச் சொல்ல எனக்கு எத்தனையோ வருடம் இருந்தது. சொல்லாமலே உங்களைப் போகவிட்டேன்.

அட்டவணையைக் கிழிக்கவில்லை. புதுக் கலண்டரை அதன் மேலேயே மாட்டினேன். தமிழ்க்கடைக்குப் போகிற பஸ் அந்தக் கசினோக் கட்டிடத்தைத் தாண்டும்போது, இன்றைக்கும் என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.