ஓசை அறை எளிது என்றார்கள்

ஜூலை 14, 1997. திங்கள்

காலையிலிருந்து சாரல். கருமத்தம்பட்டியில் ஏறும்போதே பஸ்ஸில் நிற்க இடமில்லை. கடைக்குப் பத்து நிமிஷம் தாமதம்.

புது வேலை ஒன்று. ஓனர் ரங்கசாமி சார் (இனி ர. சார்) கம்ப்யூட்டரோடு கேம் சி.டி.யும் விற்கிறார் அல்லவா, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை வைக்க வேண்டுமாம். எளிது, நடுத்தரம், கடினம். "வாங்கிட்டுப் போனவீங்க வெளையாட முடியலீன்னு திருப்பிக் கொண்டாந்து போடறாங்க அம்மணி. மொதல்லயே சொல்லிப்போட்டா வம்பில்லை பாரு."

யார் விளையாடிப் பார்ப்பது என்றார். கையைத் தூக்கிவிட்டேன். சர்வீஸ் பார்க்கும் சுரேஷ் சிரித்தார். சிரிக்கட்டும். இரண்டு வருஷமாக உள் அறையில் பில் டைப் அடித்தாயிற்று. அடுத்த மாதம் முன் கவுண்டரைத் தருவதாக ர. சார் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் இது.

சனிக்கிழமைக்குள் அட்டை ரெடியாக வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி மகளுக்குக் கம்ப்யூட்டர் எடுக்க வருகிறார். சுடுவது, வெட்டுவது இல்லாத கேம் வேண்டுமாம்.

ஜூலை 15. செவ்வாய்

மழை இல்லை. காற்று மட்டும்.

கேம்: ஆளில்லாத ஒரு கலங்கரை விளக்கம். நான் உள்ளே. என் உடம்பு திரையில் கிடையாது, கண் மட்டும் நடக்கிறது. மௌஸைத் திருப்பினால் சுவர், இன்னும் திருப்பினால் படிக்கட்டு. பூட்டிய கதவுகள் ஒன்பது. எதிரி இல்லை, அவசரம் இல்லை. இரண்டு நிமிஷத்தில் கடையை மறந்துவிட்டேன்.

கதவு 1: சுவர்ப் படத்தில் பறவைகளை எண்ண வேண்டும். எளிது.
2: நிழல் விழும் திசை. எளிது, ஆனால் அழகு.
3: தண்ணீர்த் தொட்டிகள். முக்கால் மணி நேரம்! விடை கண் முன்னால் இருந்திருக்கிறது.
4: நடுத்தரம்.

மூன்றாம் கதவு திறந்தபோது என்னைத்தான் திட்டிக்கொண்டேன், கேமை அல்ல. இதுதான் அளவு என்று தோன்றுகிறது. நம்மை நாமே திட்டிக்கொண்டால் நல்ல கடினம். கேமைத் திட்டினால் கெட்ட கடினம்.

டீ நேரத்தில் சுரேஷ், "ஏனுங்க கலாமணி, இன்னும் நாலாவது கதவுதானா? நான் மொத்தமும் ரெண்டு நாள்ல முடிச்சுப்போட்டேன்." பல்லைக் கடித்துக்கொண்டு வடையைத் தின்றேன்.

ஜூலை 16. புதன்

கதவு 5. ஓசை அறை.

பித்தளைக் குழாய் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி, ஒவ்வொரு பிடிக்கும் எட்டு நிலை. பொத்தானை அழுத்தினால் மூன்று சுரம் கேட்கும். குழாய்களை அதே சுரத்துக்கு வைத்துச் சங்கிலியை இழுத்தால் கதவு திறக்கும். அவ்வளவுதான்.

எனக்கு மூன்றும் ஒன்றுதான்.

இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன். இடது காது சுத்தமாக இல்லை. வலது பாதி. பிறந்தது, படித்தது, தூங்கியது எல்லாம் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய அறையில், அந்த இரைச்சலில். பதினாலு வயதில் டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு பரவாயில்லை, உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். சுரம் முடியாது. கடையில் யாருக்கும் தெரியாது.

ஒரு மணி நேரம் ஸ்பீக்கரில் வலது காதை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுரேஷ் எட்டிப் பார்த்தார். "இதைப் போய் யோசிக்கிறீங்களே! கொழந்தைகூடச் சொல்லிப்போடும். காது செவிடுங்களா?" சும்மா சொன்னதுதான். என் முகம் மாறியதைப் பார்த்ததும் அவர் முகமும் மாறிவிட்டது.

ஜூலை 17. வியாழன்

சுரேஷ் வழியாக ர. சாருக்கு விஷயம் போய்விட்டது. கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே நல்லதுக்கில்லை.

"காது கேக்காதுன்னு சொல்லவே இல்லையே கண்ணு."

"வேலைல எதாச்சும் தப்பு வந்துச்சுங்களா சார்?"

"தப்பில்லை. ஆனா கவுண்டர்னா வர்றவங்க பேச்சு, போனு... நீ உள்ளயே இரு. அதான் உனக்கும் நல்லது. அந்த அட்டையை சுரேஷு எழுதட்டும்."

எழுந்துவிட்டேன். "அட்டைய நாந்தானுங்க எழுதுவேன். சனிக்கிழமைக்குள்ள முடிக்கலீன்னா அப்புறம் சொல்லுங்க."

குரல் பெரிதாக வந்துவிட்டது போல. கடையே திரும்பிப் பார்த்தது. தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

வெளியே சுரேஷ் நின்றார். வருத்தம்தான் அவருக்கு. "அந்த மூணு நெம்பரையும் நானே சொல்லிப்போடறனுங்க." வேண்டாம் என்றேன். சொல்லிக் கொடுத்துத் திறந்தால் நான் எதை மதிப்பிட்டேன்?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "சொல்லாத இருந்திருக்கலாமல்லோ! பேசி வெச்சிருக்கற மாப்ள ஊட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா?" தெரிந்தால் தெரியட்டும் என்றேன். சாப்பாட்டுத் தட்டை டக்கென்று வைத்தாள். அது நன்றாகவே கேட்டது.

ஜூலை 18. வெள்ளி

எட்டு × எட்டு × எட்டு = 512. காதால் முடியாவிட்டால் கையால்.

1-1-1 இல் தொடங்கினேன். பிடியை நகர்த்து, சங்கிலியை இழு, கதவுச் சக்கரம் சுற்றி நிற்கும்வரை காத்திரு, நோட்டில் ஒரு கோடு அடி. ஒரு தடவைக்குக் கால் நிமிஷம். காலை பில் வேலை முடித்துவிட்டு அறுபது. சாப்பாட்டு நேரத்தில் நூறு, தயிர்சாதம் இடது கையில். நூற்று எழுபதில் மணிக்கட்டு வலி. இருநூற்றில் கரண்ட் போய்விட்டது. சேவ் செய்திருந்தது நல்லதாயிற்று, நோட்டும் கையில்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. சுரேஷ் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விடை தெரிந்த மனுஷன், வாயைத் திறக்கவில்லை. அதற்கு நன்றி. முந்நூறு தாண்டியதும் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார்.

6-2-5. முந்நூற்று முப்பத்து மூன்றாவது தடவை. சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கதவு.

சுரேஷ் கை தட்டினார். நான் மேஜையில் ஓங்கி ஒரு குத்து. ர. சார் ஓடி வந்து, எந்த மானிட்டர் உடைந்தது என்று கேட்டார்.

6 முதல் 9 வரை ஒரே மூச்சில். 8 நல்ல கடினம். கடைசியில் விளக்கு எரிகிறது, கடல் தெரிகிறது. கண் கலங்கிவிட்டது, அசடு.

ஜூலை 19. சனி

அட்டை, என் கையெழுத்தில்:

"மொத்தத்தில் நடுத்தரம். 3, 8 கடினம், ஆனால் நியாயமானவை. 5 ஆம் கதவு காது நன்றாகக் கேட்பவர்களுக்கு எளிது. கேட்காதவர்களுக்கு அது புதிரே அல்ல, மூடிய சுவர். அந்தச் சுரங்களைக் கண்ணுக்கும் காட்டாதது விளையாடுபவரின் குறை அல்ல, செய்தவர்களின் குறை. விடை: 6-2-5."

ர. சார் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "குறைன்னு எழுதி வெச்சா யாரு வாங்குவா? விடையையும் போட்டிருக்கற. 'எளிது'ன்னு ஒரே வார்த்தை எழுது, போதும்."

"ஒரே வார்த்தை பொய்யா இருக்குங்களே சார்."

அப்போது பொள்ளாச்சிக்காரர் வந்துவிட்டார், மகளோடு. பத்தாவது படிக்கிற பெண். பேச்சு நின்றது. அட்டை கவுண்டர் மேலேயே இருந்தது. அந்தப் பெண் எடுத்துப் படித்தாள். படித்து முடித்ததும் என்னைப் பார்த்து ஒரே கோபம்.

"ஏனுங்கக்கா விடைய எழுதிப்போட்டீங்க? எனக்குக் காது நல்லாக் கேக்கும். இப்ப அந்தக் கதவே எனக்கு இல்லாம போச்சு!"

எனக்குச் சுருக்கென்றது. ஒருத்திக்குச் சுவர் இல்லாமல் செய்ய இன்னொருத்தியின் கதவைப் பிடுங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். உடனே ஒரு துண்டுக் காகிதம் வெட்டி விடை மேல் ஒரு ஓரம் மட்டும் ஒட்டினேன். வேண்டியவர்கள் தூக்கிப் பார்க்கலாம். "இனிமே வர்ற எல்லா அட்டைலயும் இப்படித்தானுங்க சார்," என்றேன் ர. சாரிடம். கேட்கவில்லை, சொன்னேன்.

அவள் அப்பா கேட்டார், "யாருங்க இதை எழுதினது?"

ர. சார் ஒரு நொடி தயங்கி என்னைக் கை காட்டினார்.

"மத்த கடைல எல்லாம் சூப்பரு, சூப்பருன்னே சொல்றாங்க. இந்தம்மணி ஒண்ணுதான் குறையையும் சொல்லுது." கம்ப்யூட்டரும் எடுத்தார், சி.டி.யும் எடுத்தார். மகள் மட்டும் போகும்வரை முறைத்துக்கொண்டே போனாள். அவள் கட்சிதான் நானும்.

ர. சார் பணத்தை எண்ணிப் பெட்டியில் வைத்தார். கவுண்டர் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஜூலை 20. ஞாயிறு

துணி துவைத்தல். தலைக்குக் குளியல். மூன்று நாளாகப் பேசாத அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "அந்தக் கதவு தொறந்துச்சா இல்லியா?"

ஜூலை 21. திங்கள்

முதல் பஸ். ர. சார் வருமுன் கடையில். சுரேஷ் ஒரு பக்கம் பிடிக்க, என் மேஜையை உள் அறையிலிருந்து முன்னால் கொண்டுவந்து போட்டேன். வாசல் வலப் பக்கம் வருகிற மாதிரி. போன் சுரேஷ் மேஜையிலேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஆட்கள்.

ஒன்பதரைக்கு ர. சார். செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். ஏதோ சொன்னார், இடது பக்கமிருந்து.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க சார். அந்தக் காது கேக்காது."

சுற்றிக்கொண்டு வந்தார்.