காரல் சாறு

12-5-86, திங்கள்

கத்தரி வெயில். எட்டு மணிக்கே மலைக்கோட்டைப் பக்கம் கண் கூசுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை. அடுத்த தெரு அடிபம்பில் நாலு குடம்.

பாக்கியத்துக்கு இன்று: காலையில் கஞ்சி ஒரு டம்ளர். பதினோரு மணிக்குச் சிறுமலைப் பழம் பாதி, பாலில் கரைத்து வடிகட்டி. மதியம் ரசத்தின் தெளிவு. இரவுக் கஞ்சி பாதியோடு போதும் என்றாள். போன வாரம் இட்லியைக் கரைத்துக் கொடுத்தால் இறங்கியது. இப்போது அதுவும் இல்லை.

மதுரை டாக்டர் சொன்னதே திரும்பத் திரும்ப. புற்றுக்குக் கரண்டு வைத்துப் பார்த்தாயிற்று, இனி ஒன்றும் வேண்டாம், அம்மா எதற்கு ஆசைப்படுகிறார்களோ அதைக் கொடுங்கள். அவள் வெளியே பெஞ்சில் இருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். உணவுக்குழாயில் புண், ஆற நாளாகும் என்றேன். நம்பினாளா தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து என் பொய் எதையும் அவள் நம்பியதில்லை.

ஆசையை இன்றுதான் சொன்னாள். காரல் சாறு வேண்டுமாம்.

அவள் பிறந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி. காரல் உள்ளங்கை அகலம்கூட இல்லாத வெள்ளி மீன். பிடித்த அரை நாளில் கெட்டுவிடும் என்பதால் திண்டுக்கல்லுக்குக் கருவாடாக மட்டும் வரும். “காய்ச்சல் விட்டா, பிள்ளை பெத்தா, எங்கூர்ல அதத்தான் வச்சுக் குடுப்பாங்க. மெல்ல வேணாம். தானா வழுக்கிட்டு எறங்கும்.”

இங்கே ஐஸில் வருகிற மீனை அவள் மதித்ததே இல்லை. ஆனாலும் அதைத்தான் இத்தனை வருஷமும் கழுவினாள். கல்லுப்பு, மஞ்சள், புளித்தண்ணீர், கடைசியில் மோர். என் அம்மாவுக்கு வீச்சம் ஆகாது. எனக்கும்தான்.

சந்தையில் இன்றைக்கே வேறு மீன் பார்க்கட்டுமா என்றேன். கூடாது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்வரை கவிச்சி இல்லை என்று நேர்ந்துகொண்டவள் அவள். ஐப்பசியில் குழந்தைக்கு வலிப்பு வந்தபோது நேர்ந்தது. “முருகன ஏமாத்தக் கூடாதுங்க. காது குத்தட்டும். அங்கனதான கடல் இருக்கு.”

திருச்செந்தூர். வெள்ளிக்கிழமை.

14-5-86, புதன்

மகள் செல்வியும் மாப்பிள்ளையும் பேத்தியோடு வந்தார்கள். வேன் பேசியாயிற்று. நாளை காலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். எடுத்து வைத்தவை: மண்ணெண்ணெய் ஸ்டவ், அடைப்புக் குத்தும் பின், நெருப்புப்பெட்டி இரண்டு, அலுமினியச் சட்டி, மிளகு சீரகம் இடித்த பொட்டலம், புளி, பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள்தூள், கல்லுப்பு, குடை. மாப்பிள்ளை பார்த்துவிட்டு, “என்ன மாமா, கடல்கரையில ஓட்டல் வைக்கப் போறீகளா?” என்றார். சிரித்தேன். பதில் எனக்கு எப்போதும் சாயங்காலம்தான் வரும்.

பேச்சு காதுகுத்தைப் பற்றிப் போனது. “தை வரைக்கும் தள்ளிப் போடாம இப்பவே வச்சது நல்லதாப் போச்சு மாமா,” என்றார் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது போலிருக்கிறது. செல்வி அவரைப் பார்த்தாள்.

உள்ளே படுத்திருந்த பாக்கியம்: “ஆமா மாப்ள. தையில எனக்கு வேற சோலி கெடக்கு.”

15-5-86, வியாழன்

பகல் முழுதும் வேன். பாக்கியத்துக்குப் பின் சீட்டில் படுக்கை. மதுரை, அருப்புக்கோட்டை, பிறகு கரிசல். மரமே இல்லை. நில அளவை ஆபீசில் முப்பது வருஷம் படம் வரைந்தவன் நான். இந்த மாதிரி நிலத்தைக் காகிதத்தில் வரைவது சுலபம், கோடு போட்டு எண் எழுதினால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

தூத்துக்குடி உப்பளம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திறக்கச் சொன்னாள். செல்வி, “தூசிம்மா, இருமல் வரும்.” “வரட்டும் புள்ள. தெறந்து விடு. வாசம் வருது பாரு.” எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

விடுதியில் கீழ் அறை. வராந்தாவிலிருந்து கடல் தெரிகிறது. கஞ்சி முக்கால் டம்ளர். நல்ல நாள்.

16-5-86, வெள்ளி

மகன் ராஜு வரவில்லை. ஓசூர்க் கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை. ஞாயிறு காலை வருவதாகத் தந்தி. தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் எப்படிக் காது குத்துவது? நாவிதரையும் ஆசாரியையும் திருப்பி அனுப்பியாயிற்று. நாளை சனி, ஆகாது. ஆக ஞாயிறு.

மாப்பிள்ளை: “உங்க மகன் என்ன மாமா கலெக்டர் உத்தியோகமா பாக்குறாப்ல? அவரு இல்லாம கம்பெனிக் கதவு தெறக்காதோ?”

தாத்தா மடியில் உட்கார வைத்தும் குத்துவது உண்டு. எங்கள் பக்கம் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். சொல்லலாமா என்று வராந்தாவில் நாலு நடை நடந்தேன். முறை தெரியாத மனிதன் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். சொல்லவில்லை.

காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்தன. வலையை உதறிய இடத்தில் குவியலாகக் காரல், வெயிலில் தகரம் மாதிரி. பாக்கியம் வராந்தாவிலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். “நல்ல காரல்,” என்றாள். ஊர்ப் பேச்சு திரும்பிவிட்டது அவளுக்கு. “பாத்தியளா, துடிக்குது.” இன்று பதநீரும் அரை டம்ளர் இறங்கியது. இன்றைக்குச் சாறு வைத்திருந்தால் குடித்திருப்பாள். இரண்டு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

17-5-86, சனி

கடல்காற்று, மணல். எல்லோரும் கடலில் குளித்தார்கள். மாப்பிள்ளை பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு நின்றார், அலை வந்து இடுப்புவரை நனைத்தது. செல்வி சிரித்த சிரிப்பு வராந்தாவரை கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு. பாக்கியமும் சிரித்தாள், உடனே இருமல்.

கடற்கரைப் போட்டோக்காரர் வந்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மணலில் வைத்து ஒரு படம். “அம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா.” “சிரிச்சா இருமல் வரும்யா. நீரு எடும்.”

கஞ்சி கால் டம்ளர். பதநீர் திரும்பி வந்துவிட்டது. இரண்டு வேளை மட்டும் எழுதுகிறேன், மூன்றாம் வேளைக்கு எழுத ஒன்றும் இல்லை.

18-5-86, ஞாயிறு

விடியலில் ராஜு வந்தான். அம்மாவைப் பார்த்துவிட்டு நேரே குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினான்.

மொட்டை, காதுகுத்து, சுபம். பேத்தி மாமன் மடியில் அலறினாள். பிறகு அதே மாமனின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்தாள். பாக்கியம் குழந்தையின் சந்தனத் தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. கல்கண்டு ஒன்றை நாக்கில் வைத்துக் கரைத்தாள்.

நேர்ச்சை தீர்ந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம். ஒரு வள்ளமும் கடலில் இல்லை. எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரைக் கேட்டேன். “இன்னிக்கு ஞாயித்துக்கெழமைல்லா. மாதா கோயிலுக்குப் போற நாளு, கடலுக்குப் போவ மாட்டோம். நாளைக்கு விடிய வாங்க ஐயா.”

திரும்பி வந்து சொன்னேன். அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதானே. “நீங்க அம்புட்டு சந்தோசமாக் கெளம்புனீய. எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்.”

தண்ணீர்கூட இப்போது ஸ்பூனால்தான்.

19-5-86, திங்கள் (எழுதுவது மறுநாள்)

விடியுமுன் ராஜுவும் நானும் கரையில். வள்ளம் வந்தது. மீன்காரம்மா இரண்டு கை அள்ளிப் போட்டாள். பை கொண்டுபோக மறந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் பை வைத்திருப்பவன். தோளில் கிடந்த துண்டில் கட்டி எடுத்து வந்தேன்.

விடுதிக்குள் கவிச்சி கூடாது. ஒரு வள்ளத்தின் மறைவில் ஸ்டவ். காற்றுக்குக் குடை, ராஜு பிடித்துக்கொண்டான். பாக்கியம் வேனில், கொஞ்ச தூரத்தில், கதவைத் திறந்து போட்டு எங்களைப் பார்த்தபடி. செய்முறையை முந்தின நாளே சொல்லியிருந்தாள். புளி நெல்லிக்காய் அளவு. மிளகு தூக்கலாக வேண்டாம், தொண்டை எரியும். மீனைப் போட்டபின் இரண்டு கொதி. கழுவுவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

துண்டை அவிழ்த்தால் மீன் மேலெல்லாம் கொழகொழவென்று வழும்பு. மூக்குச்சளி மாதிரி ஒழுகுகிறது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். சீக்காளி வயிறு. வீட்டில் அவள் செய்வதைத்தான் செய்தேன். கல்லுப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போட்டு ஒரு தண்ணீர். புளித்தண்ணீரில் இரண்டு. ஓட்டலில் வாங்கி வந்த மோரில் ஊற வைத்து மறுபடி. வாளித் தண்ணீர் தீர்ந்து இன்னொரு வாளி. ராஜு, “போதும்ப்பா. மீனு தேஞ்சே போயிரும்,” என்றான். நீ சும்மா இரு என்றேன். அவனிடம் அப்படி நான் பேசுவதில்லை. கடைசியில் ஒன்றை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. ரொம்பத் திருப்தியாக இருந்தது.

சாறு நல்ல மஞ்சள் நிறத்தில் வந்தது. டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டு போனேன். அவள் டம்ளரை வாங்கி முகத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். குடிக்கவில்லை. மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கண்ணைத் திறந்து டம்ளருக்குள் பார்த்தாள்.

“எத்தன தண்ணி கழுவுனீய?”

“ஏழு இருக்கும்.”

“மோரு?”

“விட்டேன்.”

“அந்த வழும்புலதான் எல்லாம் இருக்கு,” என்றாள். “நீங்க என்ன செய்வீய. நாந்தான பழக்கி வச்சேன்.”

இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டாள். ஒன்று இறங்கியது. மற்றது திரும்பி வந்தது. செல்வி துடைத்துவிட்டாள். “எப்படிம்மா இருக்கு?” “நல்லா இருக்கு புள்ள. நம்ம வீட்டு மீனு மாதிரி இருக்கு.”

ராஜு என்னைத் தனியே கூப்பிட்டான். “கரையில இன்னும் கெடக்குப்பா. வாங்கிட்டு வாரேன். கழுவாமப் போடுவோம். அரை மணி நேரம்.”

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். “ஏழரைக்குள்ள வண்டி எடுக்கணும் மாமா. அப்புறம் ராகு காலம், ஒம்பது வரைக்கும் நகர முடியாது. டிரைவருக்கும் மத்தியானம் வேற சவாரி இருக்குங்குறான். நீங்க சொல்லுங்க. நீங்க எப்படிச் சொல்றீகளோ அப்படிச் செய்வோம்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாக்கியம் பார்க்கவில்லை. அவள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புவோம் என்றேன்.

மீதிச் சாறு சட்டியில் இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. அருப்புக்கோட்டையில் வண்டி நின்றபோது சோற்றில் ஊற்றி நான்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடித்த மாதிரியே இருந்தது.

21-5-86, புதன்

திண்டுக்கல். வெயில் குறையவில்லை. லாரி வந்தது, எட்டுக் குடம்.

நேற்றுப் பகல் முழுதும் வீட்டை ஒழுங்கு செய்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஸ்டவ்வைத் துடைத்து மேலே வைத்தேன். சட்டியைப் புளி போட்டு விளக்கினேன். சட்டை, வேட்டி, மீன் கட்டிய துண்டு எல்லாம் சோடாவில் ஊற வைத்துத் துவைத்து, நீலம் போட்டு, கொடியில்.

வாய்வழி இனி ஒன்றும் இல்லை. கம்பவுண்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார். அவள் முகம் சுளிக்கவில்லை. உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனைக்கச் சொன்னார். செல்வி வந்துவிட்டாள். ராஜு லீவை நீட்டித் தந்தி கொடுத்திருக்கிறான். இப்போது காரணம் கேட்காமலே கொடுத்துவிட்டார்களாம்.

நாலு மணி இருக்கும். பாக்கியம் கையால் கூப்பிட்டாள். குனிந்து கேட்டேன். குரல் காற்றாகத்தான் வருகிறது.

“அந்தத் துண்டு.”

எந்தத் துண்டு என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

“காரல் கெட்டிக்கிட்டு வந்தீயல்லா. அதக் குடுங்க. மொகத்துக்கிட்ட வச்சுக்கிடுதேன்.”

கொல்லைக்குப் போய்க் கொடியிலிருந்து எடுத்தேன். மோந்து பார்த்தேன். வெயிலும் சோப்பும். மடிப்பைப் பிரித்து ஓரம், மூலை, தையல் எல்லாம் பார்த்தேன். எங்கேயும் இல்லை. வேறு வழி தெரியாமல் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

மூக்கில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு எடுத்து, நெஞ்சின் மேல் போட்டு, ஊசி குத்தாத கையால் நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

“நல்லா வெளுத்திருக்கீய,” என்றாள்.