மாடு கட்டிய கல்

வேலிக்கு அந்தப் பக்கத்து நண்பனுக்கு,

சின்னசேலத்தில் மகள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று சர்வேயர் வந்து அளந்தார். ஸ்கேலைப் பூஜ்யத்திலிருந்து வைக்காமல் ஓரத்திலிருந்து வைக்கும் பிள்ளைகளை எத்தனை முறை திருத்தியிருப்பேன்! நானும் அதையே செய்திருக்கிறேன். அன்று அந்தக் கல்லிலிருந்து நான் அளந்தபோது, "வாத்தியாரே, அது எங்கப்பன் மாடு கட்ன கல்லு, சர்வே கல்லு இல்ல" என்று நீ ஊரார் முன் கத்தினாய். "எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பழைய கிளுவை வேலியைப் பிடுங்கி, உன் பக்கம் ஒன்றரை அடி தள்ளிக் கம்பி போட்டேன். மறுநாளே நீ பஸ் ஏறிவிட்டாய்.

கம்பியைக் கழற்றிவிட்டேன். பழைய இடத்திலேயே நடுவதற்குக் கிளுவைக் கொம்புகள் வெட்டி வைத்திருக்கிறேன். வரிசை கோணாமல் இருக்கக் கயிற்றின் இரண்டு முனையையும் பிடிக்க வேண்டும். இங்கே ஒரு முனைக்குத்தான் ஆள் இருக்கிறது.

இந்தப் பக்கத்து வாத்தியார்