ஒன்பதில் ஒன்று

மார்ச் 3, திங்கள்

குட்டிக்கு இன்றோடு ஐந்து மாதம். எடை சரியாக இருக்கிறதாம். டாக்டர் சொன்னபோது சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

வீடு மாறுவது முடிவாகிவிட்டது. இருபத்திரண்டாம் தேதி. அங்கே ஓர் அறை குறைவு. என்னுடைய ஒன்பது பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்குத்தான் இடம். இவர் டேப் வைத்து அளந்து வந்திருக்கிறார். "ஜன்னலோரம் ஒரு மேஜை. எது வேணுமோ நீயே எடுத்துக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்." ஐந்து நிமிடத்தில் திறந்தார். சூட்கேஸ் மாதிரி மூடிக்கொள்ளுமே, அதை வைத்துக்கொள்ளலாமாம். அபூர்வமாம்.

கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்து சேர்த்தவை. எது எங்கே கிடைத்தது, எதில் எந்தச் சிப்பை மாற்றினேன், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 5

திட்டம்: தினம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது. எதைப் போடும்போது மனசு துள்ளுகிறதோ, அது.

மார்ச் 6

சூட்கேஸ். துள்ளவில்லை. உள்ளே இருக்கும் விசிறி இரைந்தது, டிஸ்க் கரகரவென்று எதையோ தேடியது, குட்டி எழுந்துவிட்டாள். அப்போதும் அது தயாராகவே இல்லை. அணைத்தேன்.

மார்ச் 9

இன்னும் மூன்று ஆயிற்று. பச்சை எழுத்துத் திரையைப் பார்த்தால் ஒரு காலத்தில் சாப்பாடு மறந்துபோகும். இன்று சுவரைப் பார்ப்பது போல் இருந்தது.

பழைய கெப்பாசிட்டரிலிருந்து ஏதாவது கசிந்து, என் கையில் ஒட்டி, அது குட்டி வாய்க்குப் போய் – கையைக் கழுவினேன். இரண்டு தடவை. சரி, நாலு.

மார்ச் 12

முடியல. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிடுங்க என்று இவரிடம் சொல்லிவிட்டேன். வேன் சனிக்கிழமைதானே வருது, அதுவரைக்கும் டைம் இருக்கே என்றார்.

டைம் எங்கே இருக்கிறது? குட்டி தூங்கினால் இருபது நிமிடம். அதில் குளிப்பதா, சாப்பிடுவதா, பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து மனசைத் தேடுவதா?

மார்ச் 14

கொடுப்பதற்கு முன் எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக மிஞ்சியது அந்தச் சின்னது. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். டிவியில் செருகினால் போதும். சும்மா கிடைத்தது.

குட்டி இடது தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே விட்டால் விழித்துக்கொள்வாள். நின்றபடியே சுவிட்சைப் போட்டேன். நாற்காலியை இழுப்பதற்குள் கர்சர் வந்துவிட்டது. விசிறி இல்லை, டிஸ்க் இல்லை, சத்தமே இல்லை. என்ன வேண்டும் என்று சிமிட்டிக்கொண்டு நின்றது.

வலது கையால் ஒரு புரோகிராம் வரி அடித்தேன். இன்னொன்று. ஆறாவது வரியில் குட்டி எழுந்தாள்.

துள்ளியதா? இல்லை. ஆனால் ஆறு வரி.

மார்ச் 15, சனி

திருகாணி அண்ணன் வேனோடு வந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் இருப்பதால் பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் அவர் திருகாணிதான். எது நிற்கிறது என்று இவரைக் கேட்டார். இவர் என்னைக் காட்டினார். நான் சின்னதைக் காட்டினேன்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கே? இது கூடை கூடையா கிடக்கு. சூட்கேஸை அனுப்பிட்டு இதையா கட்டிக்கிட்டு அழப்போற?"

"இது என்னைக் காக்க வைக்காதுண்ணா."

அவர் சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றி, தளர்ந்திருந்த ஒரு சிப்பை அழுத்தி உட்கார வைத்து, தூசி ஊதி மூடினார். இதில் எழுதுவதெல்லாம் அணைத்தால் போய்விடும், பதிந்து வைக்க டேப் பெட்டி ஒன்று தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

எட்டும் வேனில் ஏறின. வாசலில் நின்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. குட்டிக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது.

மார்ச் 26

புது வீடு. இன்று பதினோரு வரி. ஒரு புள்ளி திரையின் ஓரத்தில் மோதித் திரும்ப வேண்டும். திரும்பாமல் வெளியே போய்விடுகிறது. குட்டி அழுதாள், கம்ப்யூட்டரை அணைத்தேன், எல்லாம் போயிற்று.

மார்ச் 27

மறுபடியும் அதே பதினோரு வரி. மறுபடியும் புள்ளியைக் காணோம்.

மார்ச் 28

மதியம் குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் தண்ணீர் ஊற்றும்போது சட்டென்று தெரிந்தது: எட்டாவது வரி. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. யார்கிட்ட பேசுற என்று இவர் எட்டிப்பார்த்தார். உங்க பொண்ணுகிட்டதான் என்றேன்.

மணி ஒன்பதுதான் ஆகிறது. தூக்கம் வருகிறது. நாளைக் காலை அவள் எவ்வளவு நேரம் தூங்குவாளோ தெரியாது. பதினோரு வரியையும் மறுபடி அடித்து, அந்த ஒன்றைத் திருத்த அது போதும்.