காரணம் கேட்கக் கூடாது

மார்ச் 4, திங்கள்

விடுதி மேனேஜர் இன்றைக்கு நேரிலேயே வந்துவிட்டார். வழக்கமாக வண்டியில் அழுக்கு மூட்டை மட்டும்தான் வரும். மூட்டையோடு ஆளும் இறங்கியதைப் பார்த்ததும் எந்தப் படுக்கை விரிப்பைக் கருக்கித் தொலைத்தோமோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

நல்ல செய்திதான். விடுதியில் ரூமெல்லாம் நிரம்பி வழிகிறதாம். அடுத்த மாசத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் துவைத்துத் தர வேண்டுமாம். "முடியலைன்னா சொல்லிடுங்க. ஏழு நாளும் திறக்கற கடைக்கு மொத்தத்தையும் மாத்திக்கறோம்" என்றார். அவர் முடிப்பதற்குள் என் தலை ஆடிவிட்டது. பெரிய ஆளைக் கண்டால் மூளையைக் கலந்துகொள்ளாமல் ஆடுகிற வியாதி என் தலைக்கு உண்டு.

ஆடாமல் என்ன செய்வது? இந்த விடுதியை நம்பித்தானே விரிப்பு தேய்க்கிற ரோலர் மெஷின் வாங்கினேன். விடுதி போய்விட்டால் அது கடை நடுவில் நிற்கிற இரும்பு மேசை. சாப்பிடக்கூட உயரம் சரிப்படாது.

"தொழிலாளர் ஆபீஸ்ல அனுமதி வாங்கிடுங்க, எங்க ஓனர் அதுல ரொம்பக் கறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீராவி அண்ணனிடம் சொன்னேன். கடையில் இஸ்திரி வேலை அவருடையது. நாள் பூரா ஆவிக்குள்ளேயே நிற்பதால் முகம் பாதிதான் தெரியும். அந்தப் பாதி "ம்" என்றது. என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். சரி என்று எடுத்துக்கொண்டேன். கடை ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

மார்ச் 6, புதன்

தொழிலாளர் அலுவலகம் போய் வந்தேன். ஆபீசரம்மாவுக்குக் கடும் ஜலதோஷம். ஒரு விதி, ஒரு தும்மல் என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஞாயிறு வேலைக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வருவதோ வராததோ, அவர்கள் கைப்பட எழுதித் தர வேண்டும். அவர்கள் யோசிக்கும்போது முதலாளி பக்கத்தில் நிற்கக் கூடாது. வருகிறவர்களுக்கு அதே வாரத்தில் வேறொரு நாள் லீவு. வராதவர்களைத் திட்டக் கூடாது, சம்பளத்தில் கை வைக்கக் கூடாது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது — கடைசி விதி அந்தம்மா சொந்தமாகச் சேர்த்ததோ என்னவோ.

"முக்கியமா, ஏன் வரமாட்டேங்கறீங்கன்னு காரணம் கேக்கக் கூடாது."

"நம்ம கடையில அந்தப் பிரச்சினையே இல்லைங்க மேடம். மொத்தமே ரெண்டு பேர். ஒருத்தர் எனக்கு அண்ணன் மாதிரி. இன்னொருத்தங்க என் சம்சாரம்."

"சம்சாரம் சம்பளம் வாங்கறாங்களா?"

இங்கேதான் நானாகப் போய் மாட்டினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மாசா மாசம் அவங்க பேர்ல பேங்க்ல போட்டுடறேன் மேடம். பொண்டாட்டிதானேன்னு சும்மா வேலை வாங்கற ஆள் இல்லை நான்" என்றேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். தும்மல்தான் வந்தது.

"அப்போ அவங்களும் தொழிலாளிதான். சம்பளம் வாங்காத குடும்பத்தாருக்குத்தான் இது பொருந்தாது. அவங்களையும் கேளுங்க."

"எனக்கு, மேடம்? முதலாளிக்கு ஞாயித்துக்கிழமை லீவுன்னு விதி ஏதாவது…"

"உங்களை யாரு கட்டாயப்படுத்தறா?"

கும்பிட்டுவிட்டு எழுந்தேன். படி இறங்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே இறங்கியது.

மார்ச் 7, வியாழன்

கேட்டாச்சு.

நீராவி அண்ணன் உடனே சம்மதம் எழுதிக் கொடுத்தார். பதிலுக்குப் புதன்கிழமை லீவு வேண்டுமாம். ஏன் புதன் என்று நான் கேட்கவேயில்லை. அவரே ஆரம்பித்துவிட்டார். புதன்கிழமை பல் டாக்டரிடம் கூட்டம் இருக்காது, கடைவாய்ப் பல் எப்படி ஆடுகிறது, எப்போதிலிருந்து ஆடுகிறது, அதற்கு முந்தின பல் எப்படி விழுந்தது… ஒரு மூட்டைத் துணி காய்ந்தே போனது.

அடுத்தது இவள். ஆபீசில் தந்த, விதியெல்லாம் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துவிட்டு, விதிப்படி தெருவில் போய் நின்றேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஈரக் கையைத் துடைத்தாள். படித்தாள். திரும்பவும் படித்தாள். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். அப்புறம் எழுதினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, எவ்வளவு முறையாக நடத்துகிறோம் கடையை என்று.

உள்ளே கூப்பிட்டாள். "முடியாதுங்க."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை வர முடியாது. எழுதிட்டேன். டீ போடட்டா?"

என் வாய் 'ஏ' வரைக்கும் திறந்துவிட்டது. அவள் தாளின் கடைசி வரியை விரலால் தட்டிக் காட்டினாள். காரணம் கேட்கக் கூடாது.

டீ குடித்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 8, வெள்ளி

ஏன்?

மார்ச் 9, சனி

முட்டி வலியா? வலி என்றால் திங்கட்கிழமையும் வலிக்குமே. என் மேல் கோபமா? கோபம் என்றால் டீயில் சர்க்கரை குறைந்திருக்கும். குறையவில்லை, ருசி பார்த்துவிட்டேன். ஒருவேளை நீராவி அண்ணனின் பல் கதைக்குப் பயந்தா?

மகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கல்லூரியில் அவள் படிப்பது தாவரவியல். வீட்டில் எங்களுக்கு அவள்தான் வக்கீல்.

"ஆள் வச்சுக் கேக்கறதும் கேக்கறதுதான்ப்பா."

"நான் முதலாளியா கேக்கலைடி. புருஷனா கேக்கறேன்."

"ரெண்டுக்கும் ஒரே வாய்தானே இருக்கு?"

இவளைப் படிக்க வைத்தது நான்தான்.

மார்ச் 10, ஞாயிறு

வெளியே எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்து கவனித்தேன். சும்மா, ஒரு பொது அறிவுக்கு.

காலையில் சமையல், மகளோடு சேர்ந்து வீடு பெருக்கல். மத்தியானம் சாப்பிட்டதும் ஜன்னல் பக்கம் தரையில் தலையணையைப் போட்டுப் படுத்தாள். தூங்கவில்லை. ரேடியோ இல்லை, போன் இல்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் அந்தப் பக்கமாகப் போனேன். மறுபடி போனேன். மறுபடியும்.

"வயித்துல தொட்டி ஏதாவது கட்டியிருக்கீங்களா?" என்றாள்.

"என்ன பண்றேன்னு பார்த்தேன்."

"ஒண்ணும் பண்ணலை."

உண்மைதான். சாயங்காலம் வரை ஒன்றுமே பண்ணவில்லை. இதற்கா அந்த நாள்? இதைக் கடையில் வந்து பண்ண முடியாதா — முடியாது, சரி.

மார்ச் 13, புதன்

மேனேஜர் போன். ஏற்பாடு எந்த அளவில் இருக்கிறது என்றார். "ஓடிக்கிட்டே இருக்கு சார்" என்றேன். என்ன ஓடுகிறது என்று அவரும் கேட்கவில்லை.

விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து ரோலருக்குள் விட இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் சூடாக வெளியே வருவதை வாங்கி மடிக்க ஒருவர். ஆக மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைக்கு இருப்பது நானும் அண்ணனும்.

மார்ச் 17, ஞாயிறு

குளிக்கும்போது ஒரு யோசனை வந்தது. சோப்பு நழுவி விழுகிற அளவுக்கு நல்ல யோசனை. சம்பளம் வாங்காத குடும்பத்தாருக்கு விதி பொருந்தாது என்று ஆபீசரம்மாவே சொன்னாரே!

ராத்திரிச் சாப்பாட்டில் எடுத்துவிட்டேன். "சம்பளப் பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்துடலாம்னு இருக்கேன். பேருக்குத்தான். பணத்தை எப்பவும் போல உன் கையில குடுத்துடுவேன். நீ தொழிலாளி இல்லை, குடும்பம். குடும்பத்துக்கு இந்த விதியெல்லாம் கிடையாது."

மகள் கண்ணாலேயே 'வேண்டாம்ப்பா' என்றாள். நான் கவனித்தால்தானே.

"அப்போ நான் கடையில வேலை பார்க்கறவ இல்லை" என்றாள் இவள்.

"சேச்சே. அதுக்கும் மேல!"

"வேலை பார்க்கறவ இல்லைன்னா, நாளைக்கு நான் எதுக்குக் கடைக்கு வரணும்?"

கரண்டியைக் கீழே வைத்தாள். "கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து 'வா'ன்னுதான் சொல்லியிருக்கீங்க. 'வர்றியா'ன்னு கேட்டது அந்த ஆபீஸ் அம்மா சொன்ன அப்புறம்தான். முதல் தடவையா கேட்டீங்க. அதையும் இப்போ திருப்பி எடுத்துக்கறீங்க."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

நான் என்னத்தப் பெருசா எடுத்துட்டேன்? பணம் குடுக்கறேன்னுதானே சொன்னேன்? யாருக்காக இப்படி மண்டையை உடைச்சுக்கறேன் — ரோலர் எனக்கு மட்டுமா? புரிஞ்சுக்க மாட்டேங்கறா. இல்ல, எனக்குத்தான் புரியலையா?

மார்ச் 18, திங்கள்

சொன்னபடியே வரவில்லை. பால்கனியில் நின்று டாட்டா வேறு காட்டினாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் காட்டுவதுபோல.

ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அண்ணன் பிடித்தார். உள்ளே விட்டோம். வாங்க ஆளில்லை. விரிப்பு அந்தப் பக்கமாக அழகாக வந்து தரையில் விழுந்தது. மறுபடி அலசல். அடுத்ததற்கு, விட்ட கையோடு மெஷினைச் சுற்றி ஓடிப்போய் வாங்குவது என்று திட்டம் போட்டேன். போகும்போது வாளியைத் தட்டிவிட்டேன். விரிப்பு, தண்ணீர், நான் — மூன்றும் தரையில்.

ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஓடு தம்பி, ஓடு. உடம்புக்கு நல்லது."

வந்தவர்கள் எல்லாரும் "அம்மா இல்லையா?" என்றார்கள். ஒருத்தி துணியை நீட்டப் போனவள், என்னைப் பார்த்ததும் மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். "அவங்க இருக்கும்போது வர்றேங்க."

என் வீட்டுக்காரிக்கு நான் வைத்திருந்த பெயர் 'ஒத்தாசை'. கடையில் ஒத்தாசையாக இருக்கிறாள் என்றுதான் யாரிடமும் சொல்வேன். இன்றைக்குப் பார்த்தால் ஒத்தாசை நான்தான். அதுவும் சுமாரான ஒத்தாசை.

வீட்டுக்குப் படியேறும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவளிடம் ஒரே மூச்சில் சொன்னேன்: "பேரை எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன். நாளைக்குக் கடைக்கு வர்றியா?"

"யோசிச்சு சொல்றேன்" என்றாள். வக்கீலுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

வந்தாள். எனக்கு முன்னாடியே போய் ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தாள்.

மார்ச் 21, வியாழன்

மேனேஜர் மறுபடி வந்தார். மாசக் கடைசிக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டுமாம். அவர் வந்தபோது இவள் பேங்குக்குப் போயிருந்தாள், நல்லதாகப் போயிற்று. நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அது கேட்பது மாதிரி. பாவம்போல மூஞ்சியை வைத்துக்கொண்டால் அதுவும் கேட்பது மாதிரி. அதனால் சிரித்த முகமாக இருந்தேன். ரோலர் போய்விடுமோ என்ற கிலியை வைத்துக்கொண்டு நாள் பூரா சிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தாடை வலிக்கிறது.

மாலையில் அவளே ஆரம்பித்தாள். நீராவி அண்ணன் வாயில் பல்தான் நிற்காது என்று பார்த்தால், சேதியும் நிற்காது.

"மேனேஜர் வந்தாராமே."

"ம்."

"நான் எழுதினது எழுதினதுதான்."

"தெரியும். நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாம ஏன் பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கீங்க? பார்க்கப் பயமா இருக்கு." உறையை உதறி மடித்தாள். "மாட்டேன்னு சொன்னது நான். கடை மாட்டேன்னு சொல்லலையே. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஆளைப் போடுங்க."

இது எனக்குத் தோன்றவேயில்லை. ஆள் என்றால் அவள்தான் என்று எழுதி ஒட்டியிருக்கிறது என் மண்டைக்குள்.

மார்ச் 24, ஞாயிறு

பக்கத்துத் தெருத் தையல்காரம்மா சம்மதித்துவிட்டார். ஞாயிறு மட்டும்தானாம், மற்ற நாளில் அவருக்குச் சொந்தத் தையல் இருக்கிறது.

வருகிறேன் என்பவர்களிடம் காரணம் கேட்கலாமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டேன். தாராளமாக என்றாள். கேட்டேன். "மத்த எல்லாரும் ஞாயித்துக்கிழமை லீவு வேணும்னு தவிக்கறாங்க, நீங்க எப்படிம்மா?"

"ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரும் இருப்பாங்க சார்" என்றார். "அதான்."

மார்ச் 28, வியாழன்

அனுமதி கிடைத்தது. ஆபீசரம்மாவுக்கு ஜலதோஷம் போய்விட்டது. சம்சாரம் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா பார்க்கறேன்" என்றார். பாராட்டு எனக்கா அவளுக்கா என்று கேட்கவில்லை. எனக்கே என்று வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

முதல் ஞாயிறு. தையல்காரம்மாவுக்கு விரிப்பைக் கொடுத்ததும் முனையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார், சுருக்கம் பறந்தது. அவரும் அண்ணனும் உள்ளே விட, நான் அந்தப் பக்கம் நின்று வாங்கினேன். ஒன்றுகூடத் தரைக்குப் போகவில்லை. வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

மடிக்கத்தான் வரவில்லை. நான் மடித்ததை ஓரமாக வைத்திருந்து, வண்டியில் ஏற்றுவதற்குள் தையல்காரம்மா பிரித்து மடித்தார்.

ஏப்ரல் 11, வியாழன்

எனக்கும் ஒரு நாள் லீவு என்று நானே அறிவித்துக்கொண்டேன். வியாழக்கிழமை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அண்ணனின் புதனுக்கும் என் வியாழனுக்கும் ரோலரில் மூன்றாவது கையாக, கல்லூரிக்கு முன்னால் மகள் வந்து போகிறாள், 'வர்றியா' என்று கேட்டுத்தான். பகலில் வீட்டில் தனியாக இருந்தேன். மூன்று தரம் கடைக்குப் போன் செய்தேன். நாலாவது தரம் இவள், "லீவுல இருக்கறவங்க தொந்தரவு பண்ணக் கூடாது" என்று வைத்துவிட்டாள்.

மே 12, ஞாயிறு

வேலை சீக்கிரம் முடிந்தது. மத்தியானமே வீடு வந்தேன். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இவள் ஜன்னல் பக்கம் தரையில் படுத்திருந்தாள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கெல்லாம் தேடவில்லை. இன்னொரு தலையணையை எடுத்துவந்து, கொஞ்சம் தள்ளி, நானும் படுத்தேன். கூரையில் ஒன்றும் இல்லை. ஒரு பல்லி இருந்தது, அதுவும் போய்விட்டது. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. என் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. நன்றாகத்தான் இருந்தது.

"ஏங்க" என்றாள்.

"ம்."

"அன்னைக்கு நான் ஏன் மாட்டேன்னு எழுதினேன் தெரியுமா?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் எனக்குள்ளே இப்போது ஒரு பெரிய மனுஷன் குடிவந்திருக்கிறானே, அவன் முந்திக்கொண்டான். "அதெல்லாம் நீ சொல்லணும்னு அவசியமே இல்லை. நான் கேக்கவும் மாட்டேன்" என்றான்.

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "சரி, அப்போ சொல்லலை" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், அப்படியே தூங்கியும் போய்விட்டாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.